அண்ணாமலை மாமாவின் சிவப்புக் கட்டம்

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் திருப்புலி நாட்டில் அண்ணாமலை மாமாவைத் தோற்கடித்தவர்கள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். மிளகு பறிக்க ஏணி போட்டு ஏறினால் முதலில் கூடையை நிரப்புகிறவர் அவர்தான். வேறு யாராவது முந்திவிட்டால், அந்த மரத்தில் கொடி தாழ்வாக இருந்தது என்பார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே சுளை எப்படி இருக்கும் என்று சொல்வார். வெட்டினால் வேறு மாதிரி இருக்கும்; பழத்துக்குப் புத்தி கெட்டுவிட்டது என்பார். தாயம் ஆடும்போது எதிராளிக்குத் தாயம் விழுந்தால் கட்டையில் கோளாறு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற ஆட்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். எங்கள் மாமா முயலே பிடிக்காமல் சாதிக்கிறவர்.

நான் கலைச்செல்வி. வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற வேலை எனக்கு. மாமா எனக்குச் சுற்றி வளைத்த சொந்தம்தான் என்றாலும், சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கம். நாலு மாதமாக என் பையைக் கண்டாலே அவர் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள், அதான் மரவள்ளிக் காட்டுக்குள், புகுந்துவிடுவார். கூப்பிட்டால் கிழங்குச் செடிக்கு மேலே பீடிப்புகை மட்டும் எழும்பும். ஆள் இல்லை என்று அந்தப் புகைக்குக் கீழிருந்து அவர் குரலே பதில் சொல்லும். அவர்மேல் எனக்கு எரிச்சல் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும். என் உத்தியோகத்துக்கு அது பெரிய இடைஞ்சல்.

ஏன் ஒளிகிறார் என்று அவருடைய மனைவி கண்ணாயி அத்தைதான் ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்.

"பயம் கண்ணு. வேறொண்ணுமில்ல. என்ற மாமனாரு சாமைக் காட்டுல நின்னபடிக்கே சாஞ்சாரு. இவுங்கண்ணன் செம்மேடு சந்தையில டீயக் கையில வாங்குனாரு, குடிக்கல. ரெண்டு பேரும் அம்பத்தஞ்சு வயசத் தாண்டலீயே. இவருக்கு இந்த வருசம் அம்பத்தஞ்சு."

அதைக் கேட்டதும் எனக்கு மனசு கனத்துப்போனது. இந்த மனிதரை எப்படியாவது மிஷினுக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரை மடக்க ஒரே வழிதான் உண்டு. அடுத்த தடவை போனபோது கிழங்குக் காட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"மாமா, அத்தைக்குப் பிரஷர் பாக்கப் போறேன். உங்களுக்கும் அத்தைக்கும் யாருக்குக் கம்மின்னு பாக்கலாமுங்களா? பயமா இருந்தா வேண்டாமுங்க."

கிழங்குச் செடிகள் உடனே விலகின.

அத்தைக்கு நூற்றைம்பத்தெட்டு, கீழே தொண்ணூற்றாறு. சற்று உட்காரவைத்து மறுபடி பார்த்தாலும் அதேதான். மாமா கையில் பட்டையைச் சுற்றியபோது அவர் மூச்சையே பிடித்துக்கொண்டார். மூச்சு விடுங்க மாமா என்று அதட்டிவிட்டுப் பார்த்தேன். நூற்று நாற்பத்துநாலு, கீழே தொண்ணூற்றிரண்டு. அதுவும் கூடுதல்தான் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, வீட்டுக்காரிக்கு நூற்றைம்பத்தெட்டு, தனக்கு நூற்று நாற்பத்துநாலு என்று முழங்கினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் வெறும் ஜெயித்த சந்தோஷம் இல்லை. அப்பாவையும் அண்ணனையும் பிடித்தது தன்னை விட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார்.

இரண்டு பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும் என்றேன். அத்தைக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி வந்தார்.

அங்கே டாக்டர் சுஜிதா. நாமக்கல் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். மலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அத்தையிடம் கேட்டு முடித்துவிட்டு மாமா பக்கம் திரும்பினார். வயசென்ன, பீடி எவ்வளவு, அப்பா எப்படி இறந்தார், கூடப் பிறந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமா என்னைப் பார்த்து முறைத்தார். துணைக்கு வந்தவனை எதற்குத் துருவுகிறார்கள் என்பது அந்த முறைப்புக்கு அர்த்தம். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது அத்தைக்கு மற்றதெல்லாம் சுத்தம். மாமாவுக்குச் சர்க்கரையும் இருந்தது, கொழுப்பும் இருந்தது.

அத்தைக்கு ஒரு பிரஷர் மாத்திரை, உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு எச்சரிக்கை. மாமாவுக்குப் பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பீடியை விடச் சொல்லி ஒரு பெரிய பிரசங்கம். அவர் பை புடைத்துக்கொண்டு நின்றது.

"ஏனுங்க டாக்டரம்மா, பை மாறிப்போச்சுங்களா?" என்றார் மாமா.

"இல்லீங்க ஐயா, உங்களுதுதான்."

"அவளுக்குத்தானுங்க நம்பரு பெருசு."

"நம்பர மட்டும் வெச்சுப் பாத்தா அவங்களுக்குத்தானுங்க பெருசு. ஆனா உங்களுக்கு வயசு, பீடி, சர்க்கரை, கொழுப்பு, அப்பா, அண்ணன்னு எல்லாம் ஒண்ணாச் சேருது. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா மாரடைப்பு வர வாய்ப்பு உங்களுக்குத்தான் அதிகமுங்க."

மாமா தலையைத் தலையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டினால் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை என்று பொருள். நூற்று நாற்பத்துநாலு என்ற பிடிமானத்தை விட்டால் அவருக்கு நிற்க இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால், கண்ணாயி அத்தைக்கும் கோபம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பெரிய நோவு தனக்கு, பெரிய பை இவருக்கா என்று. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் பங்கு போடுவதற்கு ஒரு முறை உண்டு. தேனோ, பலாவோ, கறியோ, எதுவானாலும் ஒருவர் பிரிப்பார், மற்றவர் முதலில் எடுப்பார். பிரித்தவருக்கு மிஞ்சியதுதான். அதனால் பிரிக்கிறவர் உயிரைக் கொடுத்துச் சமமாகப் பிரிப்பார். இந்த முறையில் அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்ளாமல் நிலத்தையே பிரித்திருக்கிறார்கள். மாத்திரையைப் பிரிக்க முடியாதா?

அட்டைகளிலிருந்து அத்தனை மாத்திரையையும் பிதுக்கி முறத்தில் கொட்டியிருக்கிறார்கள். அத்தை பிரித்தார். வெள்ளை வெள்ளையோடு, மஞ்சள் மஞ்சளோடு, பெரிசு பெரிசோடு என்று இரண்டு குவியல். ஒற்றையாக மிஞ்சிய மாத்திரையை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக வெட்டினார்களாம். மாமா முதலில் எடுத்தார், அத்தை மிச்சத்தை எடுத்தார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. அத்தை அதோடு நிற்கவில்லை. தன்னுடையது பெரிய நோவு, சீக்கிரம் தீரட்டும் என்று காலையில் இரண்டு மூன்றாக விழுங்க ஆரம்பித்தார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அட்டை காலியாகிறதா என்று பார்த்தேன், காலியாகத்தான் இருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று மெச்சிவிட்டு வேறு வந்தேன்.

பலா சீசன். சோளக்காடு ஊர் ரோட்டோரத்தில் பழத்தை அடுக்கிவைத்து மாமாவும் அத்தையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் அத்தை கஞ்சி குடிக்காமல் வந்திருக்கிறார். மாத்திரையை மட்டும் மறக்கவில்லை. வெயில் ஏறிய நேரம். நானும் அங்கே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பழத்தைத் தூக்கக் குனிந்து நிமிர்ந்த அத்தை தள்ளாடினார்.

"ஏனுங்க, ரோடு சுத்துதுங்க."

"அது எப்பவும் சுத்திச் சுத்தித்தான போவுது," என்றார் மாமா, பீடியைப் பற்றவைத்தபடி.

அத்தை பின்பக்கமாகச் சாய்ந்து, பக்கத்துக் கடை அன்னாசிக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்னாசிகள் உருண்டு ரோட்டில் ஓடின. ஒரு பஸ் பிரேக் போட்டது. கடைக்காரர் பொங்கியண்ணன் கீழே சமவெளியிலிருந்து வந்து வியாபாரம் பண்ணுகிறவர், மரியாதைக்காரர். "ஆத்தா, அது விக்கறதுக்கு வெச்சதுங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அத்தையின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு தன் டெம்போவை எடுக்க ஓடினார்.

மாமாவின் வாயிலிருந்த பீடி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஊரே பார்க்க அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு டெம்போவில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"மாத்திரையப் பங்கு போட்டுட்டோம் சாமி."

நான் அப்போது அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. டெம்போ ஓட்டிய பொங்கியண்ணனே கண்ணாடியில் என்னைப் பார்த்துக் காதைப் பொத்துவது போலச் சைகை செய்தார்.

அத்தைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரஷர் கீழே இறங்கியிருந்தது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிவைத்து, குடிக்கக் கொடுத்து, சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டார்கள். பங்கு போட்ட கதையைக் கேட்ட டாக்டர் சுஜிதா முதலில் கோபப்பட்டார். அரிவாள்மணை வந்த இடத்தில் அவரால் முடியவில்லை. திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நர்ஸுகளும் சிரித்தார்கள். படுத்திருந்த அத்தையும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய கலர் அட்டையைக் கழற்றி மாமா முன்னால் மேசையில் விரித்தார். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சின்னச் சின்னக் கட்டங்கள்.

"இது என்னங்க, தாயக்கட்டமாட்டம் இருக்குது," என்றார் மாமா.

"அப்படியே வெச்சுக்கங்க. கீழயிருந்து மேல போனா வயசு. பிரஷருக்கு ஒரு வரிசை. சர்க்கரை இருக்கறவங்க, இல்லாதவங்க தனித்தனி. பீடி குடிக்கறவங்களுக்கு இந்தப் பக்கம், குடிக்காதவங்களுக்கு அந்தப் பக்கம். எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒரு கட்டம் வரும். கண்ணாயியம்மா இங்க, மஞ்சள்ல. நீங்க இங்க."

மாமா குனிந்து பார்த்தார். சிவப்பு.

"உங்கப்பா, அண்ணன் விசயம் இந்த அட்டையில வராதுங்க. அத நான் தனியா மனசுல சேத்துக்கிட்டுத்தான் மாத்திரை எழுதுனேன்."

அவ்வளவு காலம் ஒளிந்து திரிந்த பயம் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு அவர் விரலைச் சிவப்பில் வைத்தபடியே கேட்டார்.

"காய நகர்த்தலாமுங்களா?"

"வயச நகர்த்த முடியாது. மத்ததெல்லாம் நகரும். பீடிய விட்டா அந்தப் பக்கத்துக்கே தாண்டிரலாம்."

"விட்டாச்சுங்க. நகர்த்துங்க."

"இப்பவே இல்லீங்க. ஒரு வருசம் தொடாம இருந்தாத்தான் நகர்த்துவேன்."

மாமாவுக்கு இந்த ஆட்ட விதி அநியாயமாகப் பட்டது. அத்தையிடம் முறையிட்டார். அத்தை மஞ்சள் கட்டத்துக்காரியின் கம்பீரத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு வருடத்தில் திருப்புலி நாடு பட்ட பாடு இருக்கிறதே. வாய் நமநமவென்றால் மாமா பச்சை மிளகை ஒரு கொத்தாகக் கடித்துக்கொள்வார். கண்ணில் நீர் கொட்டும். துக்கம் விசாரிக்க இரண்டு பேர் வந்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் எவனாவது பீடி பற்றவைத்தால் மாமா எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கை நீட்டிப் புகையை முழுக்க இழுத்துவிட்டு, அதன் பிறகு அவனுக்குப் புத்திமதி சொல்வார். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்ற கதையாக, மிளகுக்கொடிதான் தன்னை எரிச்சல்படுத்துகிறது என்று மரத்தோடு சண்டை போட்டார். சாப்பாட்டில் உப்பில்லை என்று தினமும் ஒரு கச்சேரி. ஆனால் மாத்திரையை அவரவர் பையிலிருந்து அவரவரே எடுத்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் விழுங்குவதை மற்றவர் நின்று பார்த்தார்.

நடுவில் ஒருநாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் புகை எழும்பியது. அத்தை போய் நின்றபோது மாமா கையும் களவுமாக அகப்பட்டார். அத்தை அதை வெளியே விடவில்லையாம். மாமாவே என்னிடம் வந்து சொன்னார்.

"காய் வெட்டுப்பட்டுப்போச்சு கண்ணு. மறுபடியும் மொதல்ல இருந்துதான் வரணும்."

அன்றிலிருந்து அந்த ஒரு வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவரிடம் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அன்றைக்குத்தான், ஒளிக்காமல் வந்து சொன்னாரே என்று.

புதுக் கணக்குப்படி ஒரு வருடம் முடிந்தது. மாமாவுக்குப் பிரஷர் நூற்று முப்பத்திரண்டு. சர்க்கரை அடங்கியிருந்தது. டாக்டர் அட்டையை விரித்து, மாமாவின் விரலைப் பிடித்துச் சிவப்பிலிருந்து எடுத்து ஆரஞ்சில் வைத்தார். மாமா எழுந்து அந்த அறையிலேயே ஒரு சுற்று ஆடினார். வரிசையில் நின்ற நோயாளிகள் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமலேயே. இன்னும் எனக்குப் பின்னாலதானுங்க என்று அத்தை வாசலிலிருந்து சொன்னார். எனக்கும் அன்றைக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

ஆடி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்த மாமா கேட்டார்.

"அப்ப எனக்கு இனி நெஞ்சு வலி வராதுங்களா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "அப்படிச் சொல்ல முடியாதுங்க. போன வருசம் இருந்த கட்டத்துல பத்துப் பேரு இருந்தா, பத்து வருசத்துல ரெண்டு மூணு பேருக்கு வரும். இப்பக் கம்மி, ஒருத்தருக்கு வரலாம்."

"அந்த ஒருத்தன் நானுங்களா?"

"தெரியாதுங்க."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க ஐயா. தெரியாததாலதான் பத்துப் பேரையும் பாத்துக்கறோம்."

வீடு வரும் வரைக்கும் மாமா தன் பத்து விரலையும் மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். அத்தை பயந்துபோய், ஆரஞ்சு நல்ல கலருதானுங்க என்று சமாதானம் கூடச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த வாரம் சுகாதார நிலையத்தின் முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளேயும் பின்னால் தொங்கிக்கொண்டுமாக எங்கள் ஊர் ஆண்கள். எல்லாரும் பீடிக்காரர்கள், எல்லாரும் என் பையைக் கண்டால் காட்டுக்குள் ஓடுகிறவர்கள். எப்படி ஏற்றினார் என்று கேட்டேன். சோளக்காட்டுக்குப் போய்க் கறி எடுத்துப் பங்கு போடலாம் என்று சொல்லி ஏற்றினாராம். முன் சீட்டில் முரளி, செம்மேட்டுச் சந்தையில் டீயைக் கையில் வாங்கிக் குடிக்காமல் போன அண்ணனின் மகன். இன்னும் நாற்பது ஆகவில்லை, லோடு வண்டி ஓட்டுகிறவன். அவனை மட்டும் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தார் மாமா.

முரளியைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "இவரு சின்ன வயசுங்களே ஐயா. இந்த அட்டையே நாப்பதுலதான் ஆரம்பிக்குது."

மாமாவின் கை முரளியின் தோளிலேயே இருந்தது. எப்போதும் ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்கப்பனையும் எங்கண்ணனையும் இங்க கூட்டியாந்து உக்கார வெக்க முடியலீங்க டாக்டரம்மா. இவனையாச்சும் பாருங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். முரளி சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.